அங்கத்துவம் யாருக்கு?

விளையாட்டைப் பற்றி எழுதப் புகுந்தால், "நாட்டில் எத்தனையோ பிரச்சினைகள் இருக்க, பந்து உருட்டுவதைப் பற்றியா எழுதுவது?" என்று முகஞ்சுளிக்கும் நண்பர்கள் எமக்கு உண்டு. தோட்டத் தொழிலாளியின் சம்பளம், லயத்துக் கூரையின் ஒழுக்கு, குடியிருக்கும் காணிக்கு உறுதி இல்லாமை, பாடசாலைக்கு ஆசிரியர் இல்லாமை என்று எழுதித் தீராத விடயங்கள் மலையளவு குவிந்திருக்கும்போது, அவர்களுடைய கண்டனத்தில் நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். ஆயினும், ஒரு சமுதாயத்தில் யார் யாருடன் சமமாக நிற்கலாம், யார் வெளியே நிற்கவேண்டும் என்பதை ஒளிவு மறைவின்றிக் காட்டுவது விளையாட்டு மைதானமே. சட்டசபையில் முழங்கப்படும் சமத்துவத்துக்கு ஆயிரம் வியாக்கியானம் சொல்லித் தப்பிவிடலாம். மைதானத்திலோ ஒரு கோடு கிழிக்கப்பட்டிருக்கிறது. கோட்டுக்கு உள்ளே நிற்பவர் யார், வெளியே நிற்பவர் யார் என்பதைச் சிறுபிள்ளையும் எண்ணிச் சொல்லிவிடும்.

அந்தக் கோட்டைக் கிழிப்பவர் யார் என்பதே நாம் எடுத்துக்கொண்ட கேள்வி.

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் வீதியில் பயணம் செய்தவர்கள் இறம்பொடையை மறந்திருக்க மாட்டார்கள். 109 மீற்றர் உயரத்திலிருந்து இறங்கும் அருவி, மலையைக் குடைந்து செல்லும் சுரங்கப்பாதை, தாழ்வாரத்தில் விரிந்து கிடக்கும் கொத்மலை நீர்த்தேக்கம், உயரத்தே அனுமார் கோயில். வாகனத்தை நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டு போகிறவர்களின் கண்ணுக்கு இவை எல்லாம் தப்புவதில்லை. அவர்கள் கண்ணுக்குத் தப்பிவிடுவது ஒன்றுண்டு. இந்தச் சரிவுகளில் பிள்ளைகள் ஓடியாடச் சமதரை கிடையாது. கிடைத்த சமதரையைத் தொழிற்சாலையும் துரை பங்களாவும் பிரட்டுக்களமும் எடுத்துக்கொண்டன. எஞ்சியது தேயிலைக்கு. ஆகவே எமது பிள்ளைகள் வேலை நேரம் கழிந்த பிரட்டுக்களத்திலும், றோட்டு வளைவிலும், கவ்வாத்து வெட்டிய மலையின் அடிவாரத்திலும் ஆடிப் பழகினார்கள். பந்து பள்ளத்தில் விழுந்துவிட்டால் அதை எடுத்துவர ஒருவன் நாலு மலை இறங்கவேண்டும். அதுவரை மற்றவர்கள் குந்தியிருந்து காத்திருப்பார்கள். எமது ஊர் ஆட்டங்களில் இடைவேளை நடுவர் ஊதுவதால் வந்ததன்று, பள்ளத்தால் வந்தது.

மலைநாட்டில் சமதரையே இல்லை என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. நுவரெலியா நகருக்குச் சென்று பாருங்கள். 1889ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கோல்ப் கழகத்தின் பசும்புல் பரப்பு நகரத்தின் நடுவே நீண்டு கிடக்கிறது. அதன் அருகே 1876-இல் துரைமார் தமக்கென அமைத்துக்கொண்ட ஹில் கிளப். அப்பால் குதிரைப் பந்தயத் திடல். ரதல்லையில் திம்புளைத் துரைமாரின் மைதானம். தறவளையில் டிக்கோயா, மஸ்கெலியாத் துரைமாரின் மைதானம். சேர் ஹியூ கிளிபர்ட்டின் பெயர் தாங்கிய கிண்ணத்துக்காக மலைநாட்டுத் துரைமாரின் றக்பி அணிகளும் கொழும்பு அணிகளும் மோதிய காலம் ஒன்று இருந்தது. அந்த மைதானங்களின் மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பியவர்கள் யார்? புல்லை வெட்டியவர்கள் யார்? உருளையை இழுத்தவர்கள் யார்? எமது பாட்டன்மார் அங்கெல்லாம் தாராளமாக அனுமதிக்கப்பட்டனர், மண்வெட்டியோடு. ஆட்டம் தொடங்கியதும் அவர்கள் வேலிக்கு வெளியே போய்விடவேண்டும் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

கொழும்பிலும் இதே கதை வேறு படியில் நடந்தது. ஐரோப்பியரின் கழகங்களிலே இடம்பெற முடியாத இலங்கையர் 1922-இல் தமக்கெனச் சிலோனீஸ் றக்பி உதைபந்தாட்டக் கழகத்தை நிறுவிக்கொண்டனர். சுயமரியாதையுள்ள செயல் என்று அதை மெச்சத்தான் வேண்டும். ஆனால் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் கட்டிய வீட்டிலும் ஒரு வாசற்படி இருந்தது. 'இலங்கையர்' என்ற சொல்லின் கீழ் அன்று யார் யாரை நினைத்தார்கள்? கல்லூரியில் படித்து, உத்தியோகம் பார்த்து, காற்சட்டையும் காலணியும் அணிந்த ஒரு வகுப்பாரை நினைத்தார்கள். கூடை சுமந்து மலையேறியவளின் மகன் அந்தச் சொல்லுக்குள் அடங்குவானா என்ற கேள்வி அப்பொழுது எழவேயில்லை. அது எழுந்தபோது என்ன நடந்தது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

உலக அரங்கில் அங்கத்துவம் என்னும் சங்கதி எப்படி நடத்தப்பட்டது என்பதை அறிந்தால் எமது மலைக்கதை இன்னும் தெளிவாகும். 1909ஆம் ஆண்டில் இலண்டனில் 'இம்பீரியல் கிரிக்கெட் கொன்பரன்ஸ்' என்ற பெயரில் ஒரு மாநாடு அமைக்கப்பட்டது. இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா என்னும் மூன்றே அதன் அங்கத்தவர். இந்த யோசனைக்கு முன்னின்றவர் ஏப் பெய்லி, தென்னாபிரிக்கச் சுரங்க முதலாளி. சாம்ராச்சியத்தின் பெயரால் கூடிய மாநாட்டில் சாம்ராச்சியத்தின் கறுத்த மக்களுக்கு இடமில்லை. 1926-இல்தான் இந்தியா, மேற்கிந்தியத் தீவுகள், நியூசிலாந்து ஆகியன சேர்த்துக்கொள்ளப்பட்டன. ஒரே மாநாட்டில் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தும், 1970-இல் விலக்கிவைக்கப்படும் வரையில் தென்னாபிரிக்கா இந்தியாவுடனோ மேற்கிந்தியத் தீவுகளுடனோ பாகிஸ்தானுடனோ ஒரு டெஸ்ட் ஆட்டமும் ஆடவில்லை. வெள்ளை அணிகளோடு மட்டும் ஆடிக்கொண்டு 1961 வரையில் முழு அங்கத்தவராகவே அது வீற்றிருந்தது. அங்கத்துவம் ஆட்டத்திறமைக்குக் கொடுக்கப்படும் பரிசு என்று சொல்வோர் இந்த வரலாற்றுக்கு விடை சொல்லட்டும்.

இலங்கையின் நிலை என்ன? 1965-இல் அந்த மாநாடு 'சர்வதேச' என்று தன் பெயரை மாற்றிக்கொண்டு 'இணை அங்கத்துவம்' என்றொரு திண்ணையைக் கட்டியபோது, இலங்கை, பீஜி, அமெரிக்கா ஆகியவற்றுக்கு அத்திண்ணையில் இடம் கிடைத்தது. திண்ணையில் இருப்பவன் பந்திக்கு அழைக்கப்படுவதில்லை. 1970-களில் முழு அங்கத்துவம் கேட்டபோது கிடைக்கவில்லை. 1975 உலகக் கிண்ணத்தில் அவுஸ்திரேலியாவின் 328 ஓட்டங்களுக்கு எதிராக, வேகப்பந்தில் அடிபட்டு இரு துடுப்பாட்டக்காரர் களத்தை விட்டு நீங்கவேண்டி வந்தும், இலங்கை 4 விக்கெட்டுக்கு 276 ஓட்டங்கள் எடுத்தது. 1979-இல் இணை அங்கத்தவருக்கான கிண்ணத்தை வென்றது. அதே ஆண்டு உலகக் கிண்ணத்தில் இந்தியாவைத் தோற்கடித்தது. அதன் பின்னரே, 1981 யூலையில், கதவு திறந்தது. 1982 பெப்ரவரியில் கொழும்பு சரவணமுத்து மைதானத்தில் முதல் டெஸ்ட் ஆட்டம் நடந்தது. உள்ளே வந்து பதினைந்து வருடம் ஆகுமுன்னரே, 1996-இல், உலகக் கிண்ணம் இலங்கையின் கைக்கு வந்தது.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது வெற்றியின் பெருமையைவிட, அந்தப் பதினைந்து வருடத்தின் பொருள். வெளியே நின்ற காலத்தில் 'உங்களுக்குத் தரம் போதாது' என்றார்கள். தரம் எங்கிருந்து வரும்? பலமானவனோடு வருடந்தோறும் மோதுவதால் வரும். நல்ல ஆடுகளத்தாலும், பயிற்சியாளராலும், அதற்கு வேண்டிய பணத்தாலும் வரும். இவை யாவும் அங்கத்தவருக்கே கிடைக்கும். ஆகவே அங்கத்துவத்தால் உண்டாகும் தரத்தை அங்கத்துவத்துக்கு முன்நிபந்தனையாக வைத்துவிட்டால் கதவைப் பூட்ட வேறு பூட்டுத் தேவையில்லை. நீச்சல் தெரியாதவன் ஆற்றில் இறங்கக் கூடாது என்று சட்டம் செய்துவிட்டு, 'ஏன் இவனுக்கு நீச்சல் தெரியவில்லை?' என்று கேட்பது போன்றது இது. எமது ஆராய்ச்சி முழுவதற்கும் அச்சாணி இதுவே. இதே தர்க்கம் பாடசாலையிலும் நாட்டின் சட்டத்திலும் கடல்கடந்த தேசங்களிலும் வேறு வேறு வேடத்தில் வருவதை நாம் காணலாம்.

சட்டத்தை முதலில் பார்ப்போம். 1948ஆம் ஆண்டு இலங்கைக் கிரிக்கெட்டுக்கு ஒரு கட்டுப்பாட்டுச் சபை அமைந்தது. அதன் முதல் தலைவர் பி. சரவணமுத்து. முதல் டெஸ்ட் ஆட்டம் நடந்த மைதானத்துக்கு அவர் பெயரே வழங்குகிறது. தமிழர் ஒருவர் தலைமையில் இலங்கை உலகத்தின் வாசலில் நின்று அங்கத்துவம் கேட்க ஆயத்தமான அதே 1948-இல், இலங்கைப் பாராளுமன்றம் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றி, மலைநாட்டுத் தோட்டங்களில் உழைத்த இலட்சக்கணக்கான தமிழரை அங்கத்தவர் அல்லாதோர் ஆக்கியது. அதற்கு முந்திய வருடம், 1947-இல், நுவரெலியாவில் சௌ. தொண்டமானும் தலவாக்கலையில் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையும் எமது மக்களின் வாக்குகளால் பாராளுமன்றம் சென்றிருந்தனர். 1949-இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி அந்த வாக்கையும் பறித்தார்கள். 1952 தேர்தலில் தோட்டத்து மக்களின் பிரதிநிதி ஒருவரும் இல்லை.

பிரஜாவுரிமை கேட்டு விண்ணப்பிக்கலாம் என்று 1949-இன் 3ஆம் இலக்கச் சட்டம் பெருந்தன்மையோடு வழி வகுத்தது. மணமானவர் ஏழு வருடமும் மணமாகாதவர் பத்து வருடமும் இடையறாது இங்கே வாழ்ந்ததை நிரூபிக்கவேண்டும். போதிய வருமானம் உண்டென்றும் காட்டவேண்டும். தொழிலாளியின் பெயர் எழுதிய செக்றோல் துரையின் கந்தோரில் இருக்கிறது. அவன் பிறந்த பதிவோ, இருந்தால், எங்கோ ஒரு பெட்டியில் கறையான் தின்னக் கிடக்கிறது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. ஏறத்தாழ 1,34,000 பேருக்கே உரிமை கிடைத்தது. வாழ்ந்ததற்குச் சான்று கேட்டவர்கள், சான்று உண்டாகும் வழிகளை எல்லாம் தம் கையில் வைத்திருந்தவர்கள். 1964-இல் இரு பிரதமர்கள் கையொப்பமிட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டார்கள். எஞ்சிய 1,50,000 பேரின் பங்கீட்டைப் பத்து வருடம் தள்ளி 1974-இல் செய்தார்கள். எந்த அணிக்கு ஆட விருப்பம் என்று ஆட்டக்காரனைக் கேட்ட பேச்சே இல்லை. நாடற்றோர் என்ற சொல் சட்டத்தால் பெரும்பாலும் துடைக்கப்பட்டது 2003-இல். அதாவது, கிரிக்கெட் சபை அங்கத்துவம் பெற முப்பத்து மூன்று வருடம் காத்திருந்தது. மலைநாட்டு மனிதன் தன் சொந்த நாட்டின் அங்கத்துவத்துக்கு ஐம்பத்தைந்து வருடம் காத்திருந்தான்.

இனிப் பாடசாலைக்கு வருவோம். கொழும்பில் ரோயல், சென்ற் தோமஸ் கல்லூரிகளின் கிரிக்கெட் போட்டி 1879-இல் தொடங்கிற்று. கண்டியில் எல். ஈ. பிளேஸ் தாம் நிறுவிய கிங்ஸ்வூட் கல்லூரியில் 1891-இல் றக்பியை அறிமுகஞ் செய்தார்; 1906-இல் கிங்ஸ்வூட்டும் டிரினிற்றியும் மோதின. 1945 முதல் ரோயலும் டிரினிற்றியும் பிராட்பி கேடயத்துக்காக ஆடி வருகின்றன. இவற்றின் மேல் எமக்குப் பகையில்லை. நூறு வருட நட்பைக் கொண்டாடும் இரு கல்லூரிகளை வைவது அழுக்காறு. ஆனால் இந்தப் 'பெரும் போட்டி'களின் பின்னே நடப்பதைக் காணாதிருக்கவும் இயலாது. பத்திரிகைப் பக்கங்கள், கம்பனி விளம்பரங்கள், பழைய மாணவரின் பணம், சிறந்த பயிற்சியாளர், இறுதியாக வங்கியிலும் கம்பனியிலும் உத்தியோகம் என்று யாவும் அந்தச் சிறு வட்டத்துக்குள்ளே சுழல்கின்றன. பழைமை என்பது இங்கே ஒரு மூலதனம். 1879-இல் ஆடாதவன் இன்று ஆயிரம் கோல் அடித்தாலும் 1879-இல் ஆடியவன் ஆகமாட்டான்.

இறம்பொடையிலிருந்து அதே கம்பளை வழியாகக் கண்டிக்குப் பஸ்ஸில் போய்விடலாம். பிளேஸ் பந்தைக் கையில் எடுத்த காலத்தில் எமது மலைகளில் என்ன பாடசாலை இருந்தது? தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஒரு மடுவம், ஒரே வாத்தியார், கூடிப்போனால் ஐந்தாம் வகுப்பு. 1945-இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலை துரையின் தயவிலேயே கிடந்தது. 1970-களில்தான் அரசாங்கம் அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது. கட்டடங்கள் வந்தன, உயர்தர வகுப்புகள் வந்தன, எமது பிள்ளைகள் பல்கலைக்கழகம் போனார்கள். மைதானம் மட்டும் வரவில்லை. பாடசாலையைச் சுற்றிய காணி தேயிலை. 1992-இல் தோட்ட நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போன பின், அரை ஏக்கர் வெட்டிச் சமப்படுத்தவும் கல்வித் திணைக்களத்தின் கடிதமும் கம்பனியின் சம்மதமும் வேண்டும். கடிதம் மலையேறும் வேகத்தை அறிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை.

எமது மாணவப் பருவத்தில் ஒரு சம்பவம். தோட்டப் பாடசாலை ஒன்றின் உதைபந்தாட்ட அணியில் நாமும் ஒருவராக இருந்தோம். பிரட்டுக்களத்தில் பழகிய கால்கள். சரிவிலே ஓடி உரமேறியவை. நகரத்துப் பாடசாலை ஒன்றின் மைதானத்தில் நடந்த போட்டிக்குக் கொழுந்து லொறியில் போனோம். எமது அணியில் நால்வருக்குத்தான் காலணி இருந்தது. விதிப்படி காலணி இல்லாதவர் இறங்க முடியாது என்றார் போட்டிக்குப் பொறுப்பான அதிகாரி. விதியைக் காட்டினார், விதி புத்தகத்தில் இருந்தது, அவர் கடுமையாகவும் பேசவில்லை. "அடுத்த வருஷம் ஆயத்தமாக வாங்க தம்பி" என்று அன்பாகவே சொன்னார். எமது வாத்தியார் மறுபேச்சுப் பேசாமல் எல்லோரையும் அழைத்துச் சென்று தேநீர் வாங்கித் தந்தார். மறுநாள் ஆட்டமுடிவுப் பலகையில் எமது பாடசாலையின் பெயருக்கு எதிரே 'சமுகமளிக்கவில்லை' என்று எழுதப்பட்டிருந்ததாக அறிந்தோம். நாம் சமுகமளித்தோம். பதினொருவரும் அங்கேதான் நின்றோம். வந்தவனை வராதவன் என்று எழுதும் பேனா எவரிடம் இருக்கிறதோ அவரிடமே அதிகாரம் இருக்கிறது. தனிமனிதரின் தீமையில்லாமலே அநீதி நடக்கக்கூடும் என்ற பாடத்தை எந்தப் புத்தகமும் எமக்கு இவ்வளவு தெளிவாகப் போதிக்கவில்லை.

இந்நோய் ஏழை நாட்டுக்கே உரியது என்று எண்ணவேண்டாம். செல்வம் கொழிக்கும் அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே கல்லூரிகளின் கால்பந்தாட்டம், பெயர் அப்படியிருந்தும் பெரும்பாலும் கையால் ஆடப்படுவது, கோடிக்கணக்கான டொலர் புரளும் வியாபாரம். கல்லூரிகள் 'கொன்பரன்ஸ்' என்னும் கூட்டுகளாகப் பிரிந்து ஆடுகின்றன. எந்தக் கூட்டில் இருக்கிறாய் என்பதைப் பொறுத்தே தொலைக்காட்சிப் பணமும் பெயரும். 2023-இல் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழக அணி ஆடிய 13 ஆட்டங்களிலும் வென்று தன் கூட்டின் சம்பியனாக நின்றது. ஆயினும் இறுதிச் சுற்றுக்கு நான்கு அணிகளைத் தெரிவு செய்த குழு அதனை ஒதுக்கிவிட்டு, ஒவ்வோர் ஆட்டத்தில் தோற்றிருந்த வேறு அணிகளை எடுத்தது. முக்கிய ஆட்டக்காரர் காயமுற்றார், இனி இவ்வணி முன்போல் ஆடாது என்பது காரணம். மைதானத்தில் நடந்ததைவிட மண்டபத்தில் கூடியவர்களின் ஊகம் பெரிதாயிற்று.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. பசிபிக் கரையோரத்துக் கல்லூரிகளின் கூட்டு 1915-இல் தோன்றியது. கூடுதலான தொலைக்காட்சிப் பணத்தை நாடி அதன் பெரிய அங்கத்தவர் ஒவ்வொன்றாக வெளியேற, பன்னிரண்டாக இருந்தது 2024-இல் ஒரேகன் மாநிலம், வாஷிங்டன் மாநிலம் என்னும் இரண்டாகச் சுருங்கியது. அவ்விரு கல்லூரிகளும் திறமையில் குறைந்து தனித்து விடப்படவில்லை; சிறு ஊர்களில் இருந்ததே அவற்றின் குறை. தொலைக்காட்சிப் பெட்டிகள் மிகுந்த நகரம் அருகில் இல்லை. அயலவனோடு நூறு வருடம் ஆடிய உறவு ஓர் ஒப்பந்தத்தாளின் கனத்துக்கு ஈடாகவில்லை. நுவரெலியாவின் சரிவில் நிற்கும் எமக்கு அந்தக் கல்லூரிகளின் துக்கம் அந்நியமாகத் தோன்றவில்லை. ஒன்று மட்டும் வேறு: அவர்கள் உள்ளே இருந்து வெளியே தள்ளப்பட்டார்கள், நாம் உள்ளே போனதே இல்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். "முத்தையா முரளிதரனைப் பாருங்கள். அவருடைய பாட்டனார் தென்னிந்தியாவிலிருந்து வந்து மலைநாட்டுத் தோட்டத்தில் உழைத்தவர்தானே? பேரன் 800 டெஸ்ட் விக்கெட்டுகள் எடுத்து உலகத்தின் உச்சிக்குப் போகவில்லையா? திறமை இருந்தால் கதவு தானே திறக்கும்" என்பார்கள். முரளிதரனின் திறமையில் ஓர் அணுவையும் நாம் குறைத்துப் பேசமாட்டோம். 1995-இல் மெல்போணில் அவருடைய பந்துவீச்சு முறையற்றது என்று கைகாட்டப்பட்ட நாளில் எமது லயங்களிலும் அடுப்பெரியவில்லை என்று சொன்னால் மிகையாகாது. ஆனால் அவர் தந்தையார் கண்டியில் பிஸ்கற் தொழில் நடத்தியவர். அவர் படித்தது கட்டுகஸ்தோட்டை சென்ற் அந்தோனியார் கல்லூரியில். மைதானமும் பயிற்சியாளரும் ஆட்டப் பட்டியலும் உள்ள இடத்தில் திறமை முளைத்தது. அப்படியாயின் அவர் கதை சொல்வது என்ன? வித்தில் குறையில்லை, நிலத்தில்தான் குறை என்று சொல்கிறது. எம்மை மறுக்க எடுத்த சான்று எமக்கே துணை நிற்கிறது. லயத்து அறையிலேயே தங்கிவிட்ட முரளிதரன்கள் எத்தனை பேர் என்ற கணக்கை எந்தப் புள்ளி விபரமும் தரமுடியாது.

உள்ளே போன இலங்கைக்கு நேர்ந்ததையும் மறக்கலாகாது. இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இருந்த தடுப்பு வாக்கு 1993-இல் ஒழிந்தது. 2014-இல் இந்தியா, இங்கிலாந்து, அவுஸ்திரேலியா என்னும் மூவர் வருமானத்திலும் அதிகாரத்திலும் பெரும்பங்கைத் தமக்கு வகுத்துக்கொண்டபோது, இலங்கையும் பாகிஸ்தானும் வாக்களிக்காது விலகி நின்றன. 2024 முதல் 2027 வரைக்கான பங்கீட்டில் இந்தியாவுக்கு நூற்றுக்கு 38.5, இலங்கைக்கு ஏறத்தாழ 4.5, தொண்ணூறுக்கு மேற்பட்ட இணை அங்கத்துவ நாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏறத்தாழ 11. அதிகம் சம்பாதித்துக் கொடுப்பவன் அதிகம் எடுப்பதில் என்ன தவறு என்று கேட்பார்கள். எதிரில் ஆட ஒருவன் இல்லாமல் எவனாலும் சம்பாதிக்க முடியாது என்பதே விடை. இந்த அநீதியைக் கொழும்பு நன்றாக உணர்கிறது, உணர்ந்து முறையிடுகிறது. ஆனால் கொழும்பு உலகத்தை நோக்கிக் கேட்கும் அதே கேள்வியை இறம்பொடை கொழும்பை நோக்கிக் கேட்டால், அப்பொழுது மட்டும் 'தரம்', 'விதி', 'நிதி நெருக்கடி' என்ற பழைய சொற்களே பதிலாக வருகின்றன.

அந்தக் கேள்வியை இன்னும் கீழே, எமது தோட்டத்துக்குள்ளும் கேட்டாக வேண்டும். மேலே நோக்கி நியாயம் கேட்பவன் கீழே நோக்கி அதை வழங்காவிட்டால் அவன் கேட்பது நியாயமாகாது, பங்குதான். தோட்டத்து விளையாட்டுக் கழகத்தில் தலைவர் பதவி யார் வீட்டுப் பிள்ளைக்குப் போகிறது? துடுப்பு வாங்கிக் கொடுத்தவன் மகனே முதலில் ஆடுவது எதனால்? மேல் லயத்தார், கீழ் லயத்தார் என்ற பேச்சில் ஒளிந்திருக்கும் சாதி எப்பொழுது ஒழியும்? எல்லாவற்றுக்கும் மேலாக, கோயில் திருவிழாவுக்கும் கழகத்துக்கும் சந்தா கொடுப்பவரில் பெரும்பாலார் கொழுந்து பறிக்கும் பெண்கள். அவர்களுடைய உழைப்பில் வாங்கிய பந்தை அவர்கள் பெண்மக்கள் தொடுவதில்லை. பாடசாலை ஓட்டப்போட்டியில் வெறுங்காலோடு ஓடி முதலாவதாக வரும் பெண்பிள்ளை, பதினாறு வயதில் கூடையோடு மலைக்கோ கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கோ போய்விடுகிறாள். அவளுக்கு அங்கத்துவம் மறுத்தவர்கள் வெள்ளைத் துரைமார் அல்லர், நாமே.

பரிகாரம் என்ன? நான்கு விடயங்களை எமது வாசகர்முன் வைக்கிறோம். முதலாவது, ஆடும் உரிமை தரத்துக்கு முன்னே வரவேண்டும். பதிவு பெற்ற பாடசாலை எதுவாயினும் வருடத்தில் இத்தனை ஆட்டம் அதற்கு நிச்சயம் என்று ஆட்டப் பட்டியல் அமைய வேண்டும். பெரிய கல்லூரிகள் தம் பழைய போட்டிகளை நடத்திக்கொள்ளட்டும். அவற்றோடு ஒவ்வொரு பருவத்திலும் ஒரு தோட்டப் பாடசாலையின் மைதானத்துக்கு வந்து ஆடவேண்டும் என்ற கடமையையும் ஏற்கட்டும். வந்தால்தான் அங்கே மைதானம் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது, பணம் தேவையை நோக்கி ஓடவேண்டும். காலணி கட்டாயமானால் காலணியைக் கொடுப்பதும் கட்டாயமாகட்டும். விதியை ஆக்குபவனே அதை நிறைவேற்றும் வசதியையும் செய்து தரக் கடமைப்பட்டவன். மூன்றாவது, காணி. இந்த மலைகளின் காணி அரசாங்கத்துடையது. கம்பனிகளுக்குக் குத்தகைக்குப் போயிருப்பது. குத்தகைக்காரனின் சம்மதத்துக்காகப் பாடசாலைப் பிள்ளை காத்திருக்க வேண்டிய நீதி எது? ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒரு சமதரை என்பது இரக்கத்தால் கேட்கும் பிச்சையன்று. நூற்றைம்பது வருடமாக மலையை வெட்டிச் சமப்படுத்தியவர்களின் வாரிசுகள் கேட்கும் பாக்கி.

நான்காவது, வாக்கு. இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தில் நிர்வாகிகளைத் தெரிவு செய்வன லீக்குகள். லீக்குகளில் அங்கம் வகிப்பன கழகங்கள். பதிவு செய்யாத கழகத்துக்குக் குரல் இல்லை. 2023 சனவரியில் வெளியார் தலையீட்டைக் காரணங்காட்டி உலகச் சம்மேளனம் இலங்கையை இடைநிறுத்தி, அவ்வருடம் ஓகத்து மாதத்தில் விடுவித்தபோது, யார் தலைவர் என்பதைப் பற்றிப் பெரிய ஆரவாரம் எழுந்தது. வாக்காளர் யார் என்பதைப் பற்றி எவரும் பேசவில்லை. எமது இளைஞர் தோட்டத்துக்கு ஒரு கழகமாகத் திரண்டு, முறைப்படி பதிந்து, சந்தாவைக் கட்டி, லீக்கின் கூட்டத்தில் போய் அமரவேண்டும். 1947-இல் எமது பாட்டன்மார் பெட்டியில் போட்ட வாக்கு எத்தனை ஆட்சியாளரின் நித்திரையைக் கெடுத்தது என்பதை 1949-இன் சட்டமே சாட்சி சொல்கிறது. பயனற்றதை எவரும் பறிப்பதில்லை.

விளையாட்டால் வயிறு நிறையாது என்பார்கள். உண்மை. நாட்கூலியும் காணியும் கல்வியும் பெறாமல் பந்தை மட்டும் பெற்று எமது மக்கள் உய்யப்போவதில்லை. ஆனால் இவை தனித்தனிக் கோரிக்கைகள் அல்ல. ஆட்டப் பட்டியலில் பெயரும், வாக்காளர் இடாப்பில் பெயரும், காணி உறுதியில் பெயரும் ஒரே கைகளால் எழுதப்பட்டும் அழிக்கப்பட்டும் வந்தவை. ஓரிடத்தில் தன் பெயரை எழுதுவிக்கப் பழகியவன் மற்ற இடங்களிலும் அதைக் கேட்பான். இந்த வருடத்து ஆட்டப் பட்டியலை வகுக்க வலயக் கல்விக் கந்தோரில் கூட்டம் கூடும். அந்தக் கூட்டத்துக்கு எமது பாடசாலைகளின் அதிபர்களும் பெற்றோரும் இப்பொழுதே கடிதம் எழுதட்டும். கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் நேரில் போகட்டும். போகும்போது, பதினொரு பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லட்டும்.